பதினெட்டு அடி பிலிம்

சினிமா ஆபரேட்டர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் பொத்தானைத் தட்டினால் படம் தானாக ஓடுகிற காலத்து ஆபரேட்டர்கள். அதில் ஒருவர், "பேய்ப்படம் ஓட்டறப்ப கேபினுக்குள்ள ஒத்தையா நின்னிருக்கீங்க, பயமா இருக்காதுங்களா?" என்று கேட்டார். முப்பத்து நான்கு வருஷம் படம் ஓட்டினவனிடம் கேட்க அவருக்கு இதுதான் கிடைத்தது. சிரித்து, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு யோசித்தால் கேள்வி அவ்வளவு மோசமில்லை. கேபினுக்குள் நான் நிஜமாகப் பயந்தது ஒரே ஒரு தடவை. ஓடிக்கொண்டிருந்தது ஒரு குடும்பப் படம்.

தொழில் பழகியது காங்கேயம் பக்கத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில். மூன்று வருஷம் பெட்டி தூக்கினேன், ரீல் சுற்றினேன், திட்டு வாங்கினேன். லைசென்ஸ் கைக்கு வந்ததும் திருப்பூரில் ஒரு நிரந்தரத் தியேட்டரில் சேர்ந்தேன். ஐம்பதுகளின் கடைசி அது. அந்தக் காலத்து மெஷின்களை நினைத்து உருகப் போவதில்லை. மெஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியின் புகையை வருஷக்கணக்கில் விழுங்கினவனுக்கு அதன் மேல் ஏக்கம் எதுவும் வராது.

இரண்டு மெஷின் இருக்கும். ஒரு ரீல் பத்து நிமிஷம். ரீல் முடியப் போகையில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றும். அடுத்த மெஷினைக் கிளப்ப வேண்டும். இன்னொரு புள்ளி வரும். அந்த நொடியில் படத்தை இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும். விட்டால் திரை வெள்ளையாகிவிடும், கீழே விசில் பறக்கும். அதனால் ஆபரேட்டர் படம் பார்ப்பதில்லை. மூலையைத்தான் பார்ப்பான். போதாததற்கு வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொரு ரீலையும் கையால் ஓட்டி, கண்ணாடிப் பலகைக்கு அடியில் பல்பு எரிய, கிழிசல் இருக்கிறதா என்று கட்டம் கட்டமாகப் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்க்கையில் ஒரு பேய்க்கு இடது புஜத்தில் அம்மை குத்திய தழும்பு இருப்பதைக் கண்டுபிடித்தேன். தழும்புள்ள பேயிடம் எனக்கென்ன பயம்?

கீழே இருந்தவர்கள் நன்றாகப் பயந்தார்கள். வேலம்பாளையத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனி ஆட்கள் கூட்டமாக வருவார்கள். அதில் ஒரு கட்டிங் மாஸ்டர், பேய் வருகிற நேரம் பார்த்துச் சரியாகப் பீடி வாங்க வெளியே போவார். அந்தப் படத்துக்கு ஏழு தடவை வந்தார். ஏழு தடவையும் பேயைப் பார்க்கவில்லை.

எங்கள் மேனேஜர் பெயர் சுப்பராயன். அரைக்கைச் சட்டை, வேட்டி, வெயில் மழை பாராமல் ஒரு குடை. எங்களிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. திட்ட வேண்டிய இடத்தில் இரண்டு 'ங்க' கூடுதலாகப் போடுவார். அவருடைய மரியாதை ஏற ஏற நாங்கள் என்ன தப்புச் செய்தோம் என்று தேடுவோம். கேபினுக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுகொள்வார். "உள்ள வாங்க சார்" என்றால், "அது உங்க ஊடுங்க. எனக்கு இங்கயே போதுமுங்க" என்பார்.

பேய்ப்படம் வந்தால் அவருக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. பெண்கள் பக்கத்து இரண்டு கதவுகளையும் தாழ் போடாமல் சாத்தி வைக்க வேண்டும். நடைபாதையில் கூடுதல் நாற்காலி போடக் கூடாது. படத்தில் கதவு கிறீச்சிடும் இடத்துக்கு அரை நிமிஷம் முன்னால் நான் சத்தத்தை இரண்டு கோடு இறக்க வேண்டும். முதல் தடவை ஏன் என்று கேட்டேன். "காசு குடுத்துப் பயப்பட வர்றாங்க, நல்லாப் பயப்படட்டுங்க. எந்திரிச்சு ஓடறப்ப ஒருத்தர் மேல ஒருத்தர் உளுந்தரக் கூடாது, அவ்வளவுதானுங்க" என்றார்.

இன்னொன்று, ஒட்டு நோட்டு. பிலிம் கிழிந்தால் கெட்ட இடத்தை வெட்டிவிட்டு இரு முனையையும் ஒட்டுவோம். வேறெந்தத் தியேட்டரிலும் இதையெல்லாம் எழுதி வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்களிடம் எழுதியாக வேண்டும். தேதி, ரீல் எண், எத்தனை கட்டம் போயிற்று, காரணம். "காரணமில்லாம யாரும் கத்திரிக்கோலை எடுக்கறதில்லீங்க. அதை எழுதிட்டா செரியாப் போச்சு" என்பார். நானும் பிலிமின் ஓரத் துளைகள் கிழிந்திருந்தால் 'பல் கிழிசல்', இல்லாவிட்டால் 'பழைய ஒட்டு விட்டது' என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் பர்மாவிலிருந்து யுத்த காலத்தில் நடந்தே வந்தவர் என்பது தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கேட்கவும் மாட்டோம்.

எல்லையில் சண்டை நடந்த வருஷம், படத்துக்கு முன்னால் போடும் நியூஸ் ரீலில் வாராவாரம் பீரங்கியும் விமானமும் வந்தன. பீரங்கி வெடித்தால் தரை டிக்கெட்டில் கைதட்டல். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கேபின் சுவரிலிருந்த ஓட்டை வழியாக ஒன்று கண்ணில் பட்டது. யுத்தக் காட்சி வருகிற நாளில், சுப்பராயன் கடைசி வரிசைக்குப் பின்னால் தூணோரமாக வந்து நிற்பார். காட்சி முடிந்ததும் போய்விடுவார். ஒருமுறை அப்படிப் போனவரிடம் கையெழுத்து வாங்க ஆபீசுக்குப் போனேன். அவர் கை நடுங்கியது. பேனாவை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வரச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்தேன். அட்டை போய், முதல் சில பக்கங்களும் போய்விட்ட புத்தகம். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு மலைவழியாக நடந்து ஊர் வந்து சேர்ந்த ஒருவர் எழுதியது. கேபினில் வைத்து, ஒரு ரீலுக்கு நான்கு பக்கம் என்று படித்தேன். அவர் அழுது எழுதவில்லை. இன்ன இடத்தில் தண்ணீர் கிடைத்தது, இன்ன இடத்தில் கிடைக்கவில்லை, இன்ன இடத்தில் காலரா என்று எழுதிக்கொண்டே போகிறார். நடக்க முடியாமல் பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டவர்களைக் கடந்து போகையில் நடப்பவர்கள் எல்லோரும் தங்கள் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள் என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடினேன். படத்தில் ரீல் எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். புத்தகத்தில் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு புள்ளியை விட்டுவிட்டேன், கீழே விசில் பறந்தது.

விசிலைக் கேட்டு வந்த சுப்பராயன், மேஜை மேல் கிடந்த புத்தகத்தை வாசலில் நின்றபடியே பார்த்தார். என்ன புத்தகம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. "இதைக் கேபின்ல வெக்காதீங்க. கார்பன் பொறி பட்டுருமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நடுங்கின கையையும் இந்தப் பேச்சையும் சேர்த்து வைத்து நானாக ஒரு கணக்குப் போட்டேன். மனுஷருக்கு அந்த யுத்த காலத்துப் பயம் இன்னும் போகவில்லை, பாவம், என்று.

பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கப்பலில் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களைப் பற்றிய நியூஸ் ரீல் ஒன்று கோயமுத்தூரில் ஒரு வாரம் ஓடிவிட்டு எங்களுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலை பலகையில் வைத்து ஓட்டினேன். கப்பல், துறைமுகம், டிரங்குப் பெட்டிகள். நடுவில் திடீரென்று பழைய யுத்த காலக் காட்சி. மலைச்சரிவு, மூட்டையோடு ஜனங்கள், பிறகு ஒரு முகாம், தகரக் குவளைகளோடு கஞ்சிக்கு நிற்கும் பெண்கள் வரிசை. நான் படித்த புத்தகம் கண்ணெதிரே இருந்தது. ரீலை ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

சுப்பராயன் இதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன். கத்திரிக்கோலை எடுத்தேன். பதினெட்டு அடி. திரையில் பன்னிரண்டு விநாடி. முனைகளை ஒட்டினேன். வெட்டியதைச் சுருட்டி, காலியான கார்பன் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். வியாழக்கிழமை ரீல் ஊரை விட்டுப் போகுமுன் திரும்ப ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அது அரசாங்கத்து ரீல், கை வைத்தால் லைசென்சே போகும். ஒட்டு நோட்டில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மேட்னிக்கு அவர் தூணோரம் வந்து நின்றார். நியூஸ் ரீல் முடிந்தும் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார். சனிக்கிழமையும் வந்தார். ஒவ்வொரு தடவையும் ஓட்டை வழியாகப் பார்த்து, ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிகிற நாள், அவர் லீவு போட்டுக் கோயமுத்தூர் போய்விட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு யாரும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மேட்னி பாதியில் கேபின் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார்.

"ஏனுங்க ஆறுமுகம், அந்த நியூஸ் ரீல்ல எங்காச்சும் கிழிசல் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"ஒட்டு ஏதாச்சும் போட்டீங்களா?"

"இல்லீங்க சார்."

லைசென்சை நினைத்துத்தான் அந்தப் பொய். யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. அவர் தலையாட்டினார். போவதற்குத் திரும்பினவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோயமுத்தூர்ல நம்ம கூட்டாளி ஒருத்தரு இருக்காரு. ரங்கூன்ல ஒரே ரைஸ்மில்லுல இருந்தமுங்க. அவரு இந்த ரீலைப் பாத்துட்டுக் கார்டு போட்டிருந்தாரு. கஞ்சிக்கு நிக்கற வரிசையில மூணாவது பொம்பளை உங்க அக்கா சாடையில இருக்குதுன்னு. வெள்ளிக்கிழமையிலிருந்து பாக்கறேன், அந்த எடமே வரக்காணமுங்க. நேத்து நேர்ல போயும் கேட்டுட்டேன். நல்லாப் பாத்தேன்னு அடிச்சுச் சொல்றாரு."

அவர் என்னைப் பார்க்காமல், ஓடுகிற மெஷினைப் பார்த்துச் சொன்னார்.

"அக்காளைக் கட்டுன மாமன் குண்டு போட்டப்பவே போயிட்டாருங்க. நானும் அக்காளும்தான் நடந்தோம். பதினோராம் நாளு மலையேத்தத்துல அக்கா ஒக்காந்துட்டா. 'நீ முன்னால போ கண்ணு, நா மெதுவா வந்தர்றேன்'னா. நா போயிட்டனுங்க. அடுத்த முகாம்ல நாலு நாளு காத்திருந்தேன், வரலை. இந்தக் கஞ்சி வரிசை இருக்குது பாருங்க, அது அதுக்கும் அப்பால இருந்த முகாமுன்னு கூட்டாளி சொல்றாரு. அங்க அவ நின்னிருந்தான்னா, எந்திரிச்சு நடந்திருக்கான்னு அர்த்தமுங்க. அதைத் தெரிஞ்சுக்கோணும். வேற ஒண்ணுமில்லீங்க."

அவர் தூணோரம் நின்று பார்த்தது பீரங்கியை அல்ல. இருபத்துச் சொச்சம் வருஷமாக ஒவ்வொரு யுத்த ரீலிலும் அக்காவின் முகத்தைத் தேடியிருக்கிறார். எந்த நாட்டு யுத்தம் என்பதைக்கூட அவர் பார்க்கவில்லை.

மலருக்காக வந்தவர் கேட்ட பயம் இதுதான். அவர் சொல்லி முடித்தபோது ரீலில் இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி. டப்பா என் முழங்கைக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் வெட்டினதும் பொய் சொன்னதும் வெளியே வரும், வேலை போகும். கொடுக்காவிட்டால் வியாழக்கிழமை ரீல் ஊரை விட்டுப் போய்விடும். எனக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். கார்பனைச் சரி செய்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதல் புள்ளி வந்தது. மெஷினைக் கிளப்பினேன். இரண்டாவது புள்ளி வந்தது. மாற்றினேன். பிறகுதான் டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இதுல இருக்குதுங்க சார். நாந்தான் வெட்டுனேன்."

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். கூடுதல் 'ங்க'வுக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்டது, "உள்ள வரலாமுங்களா?" என்று மட்டும்தான். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேபினுக்குள் கால் வைத்தார்.

பலகையின் பல்பைப் போட்டுக் கொடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பதினெட்டு அடியையும் கட்டம் கட்டமாகப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தளவு படம். மேட்னி முடிகிற வரைக்கும் பார்த்தார். "பொடிசா இருக்குதுங்க. தெரிய மாட்டேங்குது. திரையில போட்டுக் காட்டறீங்களா?" என்றார்.

மேட்னிக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கும். அவர் கீழே போய், கடலைத் தொலி கூட்டிக்கொண்டிருந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். நான் துண்டை அதன் இடத்தில் திரும்ப ஒட்டினேன். ஒட்டுக்கு ஒரு கட்டம் வீதம் இரண்டு கட்டம் போயிற்று. அவை அந்த வரிசையைச் சேர்ந்த கட்டங்களாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வெட்டினேன்.

காலித் தியேட்டரில் ரீலை ஓட்டினேன். அவர் தூணோரம் நிற்கவில்லை. தரை டிக்கெட்டையும் தாண்டித் திரைக்கு அடியில் போய் நின்றார். மலைச்சரிவு வந்தது, மூட்டைகள் வந்தன, வரிசை வந்தது. அவர் தலையின் நிழல் திரையின் அடியில் விழுந்து, அந்தப் பெண்களோடு அவரும் கஞ்சிக்கு நிற்பது போல இருந்தது. அன்றைக்கு நான் மூலையைப் பார்க்கவில்லை. மூன்றாவது பெண்ணைத்தான் பார்த்தேன். முக்காடு பாதி முகத்தை மறைத்திருந்தது. முன்னால் இருந்தவள் நகர, அவள் குவளையை நீட்டினாள். அடுத்த காட்சி வந்துவிட்டது.

ரீல் முடிந்தும் அவர் அசையவில்லை. அவர் கேட்காமலே சுற்றி, இன்னொரு தடவை ஓட்டினேன்.

பிறகு மேலே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அக்கா இல்லீங்க" என்றார். "அக்கா இடது கைக்காரி. எதுக்கும் அந்தக் கைதான் மொதல்ல நீளும். அம்மா எத்தனை அடிச்சும் மாறலை. இந்தப் பொம்பளை சோத்தாங்கையில வாங்குதுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்தப் புத்தகத்தைப் படிச்சதுல பயந்துட்டனுங்க சார். நீங்க இதைப் பாக்க வேண்டாமுன்னு நெனச்சுப் பண்ணிட்டேன்" என்றேன்.

"அந்தப் பொஸ்தகம் நானும் படிச்சிருக்கறனுங்க. நாலு தடவை. வழியில ஒக்காந்துட்டவிய ஒருத்தரு பேரும் அதுல இல்லீங்க" என்றார். பிறகு, "எனக்கு வேண்டாமுன்னு நீங்க எப்படீங்க முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஒட்டு நோட்டை எடுக்கச் சொன்னார். தேதி, ரீல் எண், போன கட்டம் எல்லாம் எழுதினேன். 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வெளியிலிருந்து யாராவது வந்து பார்த்தால் எனக்கு ஆபத்து வராதபடி 'பல் கிழிசல்' என்று எழுதியிருந்தால் அவர் விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நான் 'என் பயம்' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். இந்த விஷயத்தை அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு வேலையும் போகவில்லை.

"அடுத்து இந்த ரீலு எந்த ஊருக்குப் போகுதுங்க?"

"உடுமலைங்க."

"ரெண்டு ஒட்டு இருக்குது, பாத்து ஓட்டுங்க, எதையும் வெட்டீராதீங்கன்னு ஒரு சீட்டு எழுதி டப்பாவுக்குள்ள வெய்யுங்க. கொமரலிங்கம், அந்தப் பக்கத்து ஊர் ஜனங்களெல்லாம் பாக்க வருவாங்க. நம்மாளு இல்லீன்னாலும் அந்தப் பொம்பளை யாருக்கோ அக்காதானுங்களே."

சீட்டை எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அவர் மேனேஜராக இருந்தார். யுத்தக் காட்சி வருகிற நாளில் தூணோரம் வந்து நிற்பது நிற்கவே இல்லை. நியூஸ் ரீலைச் சரிபார்க்கிற வெள்ளிக்கிழமைகளில், அப்படிக் காட்சி ஏதாவது இருந்தால் முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவேன். உள்ளே வந்து பலகையில் பார்க்கச் சொன்னால் வர மாட்டார். திரையிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிடுவார். அக்காவைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்காமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போது டிவியில் எந்த நேரமும் ஏதாவது ஒரு யுத்தம் ஓடுகிறது. பழைய கறுப்பு வெள்ளைத் துண்டுகளும் வருகின்றன. "மத்தியானத்துல இதையெல்லாம் பாத்துட்டு உக்காந்திருக்கீங்களேப்பா, மாத்துங்க" என்று என் மகள் சொல்வாள். ஜனங்கள் வரிசையில் நிற்கிற இடம் தாண்டட்டும் என்பேன். சுப்பராயனுடைய அக்காவின் முகம் எனக்குத் தெரியாது. அதனால், குவளையை நீட்டுகிறவர்கள் எந்தக் கையை நீட்டுகிறார்கள் என்று மட்டும் பார்க்கிறேன்.